இருபது வினாக்களின் பாகப்பிரிவினை



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம், கேட்ட மாத்திரத்தில் மிகச் சிறியதாகத் தோன்றக்கூடும். கல்வி சார்ந்த வினாடி வினாப் போட்டிகளில் இலக்கியத்துக்கு எத்தனை வினா, விஞ்ஞானத்துக்கு எத்தனை வினா, சரித்திரத்துக்கும் சங்கீதத்துக்கும் சமயத்துக்கும் எத்தனை வினா என்று பங்கிடுகிறார்களே, அந்தப் பங்கீடு எந்த நியாயத்தின்படி நடக்கிறது என்பதே அந்த விஷயம். 'இதற்கு ஒரு சொற்பொழிவா?' என்று உங்களில் சிலர் மனத்துக்குள் நகைப்பது எனக்குத் தெரிகிறது. நகைக்கலாம். ஆனால், இரண்டு அணிகள் மேடையில் எதிரெதிரே உட்கார்ந்து, நடுவர் முதல் வினாவுக்கு வாய் திறப்பதற்கு முன்பே அந்த ஆட்டத்தில் பாதி முடிந்துவிட்டது என்று நான் சொன்னால் நம்புவீர்களா? பௌதிகத்தில் வல்ல ஒரு மாணவனையும் காவியங்களில் திளைத்த ஒரு மாணவியையும் எதிரெதிரே உட்காரவைத்து, இருபது வினாக்களில் பதினைந்தைக் காவியங்களிலிருந்தே கேட்டால், ஜயிப்பது யார் என்பதை ஜோசியம் பார்த்தா சொல்லவேண்டும்? அங்கே ஜயித்தது மாணவியின் அறிவா, வினாத்தாள் வகுத்தவருடைய விருப்பமா?

வினாக்களைப் பங்கிடுகிறவர், தாம் அறிந்தோ அறியாமலோ, எந்தெந்த அறிவு எவ்வளவு பெறும் என்று ஒரு தீர்ப்பை எழுதிவிடுகிறார். அந்தத் தீர்ப்பை அவர் முன்கூட்டியே வெளியிட்டுவிட்டால், அது பிடிக்காதவர்கூட அதோடு வாதாடலாம். அவர் அதைத் தம் மடியிலேயே முடிந்து வைத்துக்கொண்டால், தோற்றவனுக்குத் தான் எதனால் தோற்றோம் என்பதே விளங்காது. இந்த ஒரு கருத்தைத்தான் இன்று உங்கள் முன் பல திசைகளிலிருந்தும் திருப்பித் திருப்பிக் காட்டப் போகிறேன்.

முதலில் சற்றுச் சரித்திரம். 1953ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், அமெரிக்காவின் என்.பி.சி. வானொலியில் 'காலேஜ் பௌல்' என்ற நிகழ்ச்சி தொடங்கிற்று. அதை உருவாக்கியவர் டான் ரீட் என்பவர். இரண்டாம் உலக யுத்த காலத்தில் போர்வீரர்களின் பொழுதுபோக்குக்காக நடந்த வினா விளையாட்டுகளிலிருந்து அந்த யோசனை பிறந்தது என்பர். இரண்டு கல்லூரிகள், அணிக்கு நால்வர், முந்தி மணியடித்தவருக்கே வினா, சரியாகச் சொன்ன அணிக்குப் பரிசாக மேலும் சில வினாக்கள். அவ்வளவுதான் ஆட்டம். 1959இல் அது தொலைக்காட்சிக்கு ஏறி, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ஆதரவில் 1970 வரை ஓடிற்று. 1962இல் இங்கிலாந்தின் கிரனாடா தொலைக்காட்சி அதே அமைப்பை எடுத்துக்கொண்டு 'யூனிவர்சிட்டி சாலஞ்ச்' என்ற பெயரில் பாம்பர் காஸ்கோயினை வினா தொடுப்பவராக அமர்த்திற்று. இடையில் சில ஆண்டுகள் நின்று, 1994இல் பி.பி.சி.யில் மறுபடி உயிர்பெற்ற அந்த நிகழ்ச்சி இன்றும் நடந்துவருகிறது.

இந்த நிகழ்ச்சிகளில் பங்கீடு எப்படி இருந்தது? பார்ப்பவருக்குத் தெரிவது கலவை மட்டுமே. ஒரு வினா ஷேக்ஸ்பியர், அடுத்தது செவ்வாய்க் கிரகம், அதற்கடுத்தது ஒரு படம், பிறகு ஒரு சங்கீதத் துணுக்கு. வீட்டில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்க்கும் குடும்பத்தாருக்கும் இடையிடையே ஒரு விடை தெரிந்திருக்கவேண்டும் அல்லவா? எனவே, அங்கே அறிவின் நியாயத்தோடு ரசனையின் நியாயமும் சேர்ந்தே ஆட்சி செலுத்தியது. அதை நான் குறை கூறவில்லை. ஆயிரக்கணக்கானோர் பார்க்கும் அரங்கத்துக்கு அதற்குரிய தர்மம் உண்டு.

ஆனால், பார்வையாளர் யாருமே இல்லாத ஓர் அறையில், சனிக்கிழமை காலை முதல் மாலை வரை, எட்டு மாணவர்களும் ஒரு நடுவரும் மட்டும் உட்கார்ந்து ஆடும் ஆட்டத்துக்கு என்ன தர்மம்? தொலைக்காட்சியை விட்டு இறங்கிய அந்த ஆட்டம் அமெரிக்கக் கல்லூரிகளில் வேரூன்றி 'க்விஸ் பௌல்' என்று பெயர் பெற்றபோது எழுந்த வினா இது. வினாக்கள் மேலெழுந்தவாரியாக இருக்கின்றன, ஆழ்ந்து படித்தவனுக்கும் செவிவழியாக ஒரு பெயரைக் கேட்டவனுக்கும் வித்தியாசம் தெரிவதில்லை என்று மனக்குறைப்பட்ட ஆட்டக்காரர்கள், 1990களின் தொடக்கத்தில் ஏ.சி.எஃப். என்று சுருக்கமாக வழங்கும் தங்கள் சொந்த அமைப்பைக் கண்டார்கள். 1996இல் என்.ஏ.க்யூ.டி. என்ற மற்றோர் அமைப்பும் தோன்றியது. இவர்கள் செய்த காரியங்களில் பெரிய காரியம் எது என்று என்னைக் கேட்டால், பங்கீட்டை எண்ணிக்கையில் எழுதி, எல்லோரும் பார்க்கும்படி வைத்ததே என்பேன்.

அந்தப் பட்டியலைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். ஓர் ஆட்டத்துக்குரிய வினாக்கட்டில் இருபது முந்து வினாக்கள். டாஸ்-அப் என்று அவற்றைச் சொல்கிறார்கள். சரியான விடைக்குப் பத்துப் புள்ளி. வினா முடியுமுன் குறுக்கிட்டுத் தவறாகச் சொன்னால் ஐந்து புள்ளி கழிவு. முந்து வினாவை வென்ற அணிக்கு மூன்று பகுதிகள் கொண்ட ஒரு போனஸ், பகுதிக்குப் பத்துப் புள்ளி. ஏ.சி.எஃப். போட்டிகளில் நெடுங்காலமாக வழங்கிவரும் முறைப்படி, அந்த இருபதில் இலக்கியத்துக்கு நான்கு, சரித்திரத்துக்கு நான்கு, விஞ்ஞானத்துக்கு நான்கு, நுண்கலைகளுக்கு மூன்று, சமயத்துக்கு ஒன்று, புராணத்துக்கு ஒன்று, தத்துவத்துக்கு ஒன்று, சமூக சாஸ்திரங்களுக்கு ஒன்று, பூகோளம், நடப்புச் செய்தி, மற்றவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒன்று. கூட்டிப் பாருங்கள், இருபது வரும். போனஸ் இருபதும் இதே கணக்கில் பிரியும்.

இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் உங்கள் நெஞ்சில் எழும் முதல் கேள்வி எனக்குக் கேட்கிறது. பௌதிகம், இரசாயனம், உயிரியல் மூன்றும் ஆளுக்கு ஒன்று பெற, கணிதம், வானியல், கணினி இயல், புவி விஞ்ஞானம் ஆகிய நான்கும் எஞ்சிய ஒரே ஓர் இடத்தில் மாறி மாறி உட்காரவேண்டும். ஆனால் புராணத்துக்கு மட்டும் தனியாக முழு ஆசனம் ஒன்று! நியூட்டனுக்கும் ஸியூஸ் தேவனுக்கும் சம ஆசனமா? கணித மேதைகளின் பரம்பரை முழுவதும் கால் ஆசனத்தில் ஒடுங்க, நார்வே நாட்டுப் பழங்கதைகள் கால் நீட்டி உட்காரலாமா? இது என்ன நியாயம்?

நியாயமான கேள்விதான். அதற்கு அவர்கள் சொல்லும் சமாதானத்தையும் கேட்போம். புராணக் கதைகளைப் பள்ளிப் பருவத்திலேயே எல்லா மாணவர்களும் ஓரளவு படித்துவிடுகிறார்கள். ஆகையால் எந்த அறையில் கேட்டாலும் மணியடிக்க ஒரு கை எழும். கணிதமோ, ஒரு படி மேலே ஏறினால் அதையே பாடமாகப் படிப்பவனுக்கன்றி மற்றவனுக்கு எட்டுவதில்லை. காகிதமும் பென்சிலும் கொண்டு செய்யவேண்டியதைக் காதால் கேட்டுச் செய் என்று சொன்னால் ஆட்டத்தின் நடையும் குலைந்துபோகும். இலக்கியமும் கலையும் சமயமும் புராணமும் தத்துவமும் சேர்ந்து சரிபாதியாகிய பத்து இடங்களைப் பிடித்துக்கொள்ள, விஞ்ஞானம் முழுவதற்கும் ஐந்தில் ஒரு பாகமே கிடைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. அதை அவர்கள் அவ்வளவு உரக்கச் சொல்வதில்லை. பழக்கம்! முன்னோர் வைத்தது, நாமும் வைத்தோம் என்னும் பழக்கம்.

இந்த வாதத்தில் எந்தப் பக்கம் வென்றது என்று தீர்ப்புக் கூற நான் வரவில்லை. ஆனால், ஒன்றைக் கவனித்தீர்களா? இவ்வளவு நேரம் நாம் வாதாட முடிந்ததே எதனால்? பட்டியல் வெளியே இருந்ததனால்! நான்கு என்றும் ஒன்று என்றும் எழுதிவைத்ததனால் அல்லவா, 'ஒன்று போதாது, இரண்டு கொடு' என்று கேட்க ஒருவனுக்கு வாய் பிறக்கிறது? எழுதாத பங்கீட்டோடு யார் வழக்காட முடியும்?

சரி, தலைப்புகளுக்கு இடையே பங்கிட்டாயிற்று. அதோடு வேலை முடிந்ததா? முடியவில்லை. இனித்தான் ஆரம்பம். இலக்கியத்துக்கு நான்கு என்றோம். அந்த நான்கும் ஆங்கிலக் கவிஞர்களுக்கே போய்விட்டால்? ஆகையால் உள்ளேயும் ஒரு பாகப்பிரிவினை வேண்டியிருக்கிறது. வழக்கமாக அந்த நான்கில் அமெரிக்க இலக்கியத்துக்கு ஒன்று, பிரிட்டிஷ் இலக்கியத்துக்கு ஒன்று, ஏனைய ஐரோப்பிய இலக்கியத்துக்கு ஒன்று, மிகுந்திருக்கும் உலகம் முழுவதற்கும் ஒன்று. மிகுந்திருக்கும் உலகம்! அந்த ஒரே அறையில் யார் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜப்பானின் முரசாகி சீமாட்டி இருக்கிறார். நைஜீரியாவின் சினுவா அச்சேபே இருக்கிறார். கொலம்பியாவின் கார்சியா மார்க்வெஸ் இருக்கிறார். வங்கத்துத் தாகூர் இருக்கிறார். இரண்டாயிரம் ஆண்டு இலக்கியப் பழமை பேசும் நம் திருவள்ளுவரும் இளங்கோவடிகளும் வரவேண்டுமானால் அந்த வாசல் வழியாகத்தான் வரவேண்டும். அமெரிக்க மாணவர்கள் அமெரிக்காவில் ஆடும் ஆட்டத்தில் அமெரிக்க இலக்கியம் முன் ஆசனம் பெறுவதில் விபரீதம் ஒன்றுமில்லை. ஆனாலும், கண்டங்கள் மூன்று நான்கு சேர்ந்து ஓர் இடம் பெறும் பட்டியல், எந்த நாட்டு ஜன்னலிலிருந்து உலகம் பார்க்கப்படுகிறது என்பதைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது அல்லவா?

உட்பிரிவு அதோடும் நிற்பதில்லை. நாவல், நாடகம், கவிதை, சிறுகதை என்று வகை பார்த்துப் பிரிக்கவேண்டும். பழைய காலம், இடைக்காலம், புதிய காலம் என்று காலம் பார்த்துப் பிரிக்கவேண்டும். சமூக சாஸ்திரம் என்ற ஒரே இடத்தில் பொருளாதாரம், உளவியல், மானிடவியல், சமூகவியல் முதலியவை முறை வைத்துக்கொள்ளவேண்டும். ஒரு போட்டிக்கு ஒரே ஒரு வினாக்கட்டுப் போதாது. காலையிலிருந்து மாலை வரை ஆடுவதற்குப் பத்துக்கு மேற்பட்ட கட்டுகள் தேவைப்படும். ஆகவே, முதல் கட்டில் முந்து வினா பொருளாதாரமானால் போனஸ் மானிடவியல், இரண்டாம் கட்டில் முந்து வினா உளவியலானால் போனஸ் சமூகவியல் என்று, ஒரு கட்டுக்குள் சாத்தியப்படாத சமத்துவத்தைப் பல கட்டுகளின் குறுக்கே நெய்துகொண்டு போகிறார், வினாக்களைத் தொகுக்கும் பதிப்பாசிரியர். அவருடைய மேஜையில் விரிந்து கிடக்கும் அட்டவணையில் குறுக்கே கட்டுகளின் எண். நெடுக்கே துறைகளின் பெயர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு விடை. ஏழாம் கட்டில் மகாபாரதம் புராணமாக வந்திருக்கிறது. பதினொன்றாம் கட்டில் அதே மகாபாரதம் இலக்கியமாகத் தலைகாட்டுகிறது. மூன்றாம் கட்டில் பகவத் கீதை சமயத்திலா தத்துவத்திலா என்று தெரியாமல் வாசலில் நிற்கிறது. அட்டவணை இல்லாவிட்டால், ஒரே நூலைப் படித்தவன் மூன்று ஆட்டங்களில் பலன் பெற்றுக்கொண்டு போய்விடுவான், ஒருவரும் கவனிக்கமாட்டார்கள்.

அடுத்து, வரிசை. இருபதில் நான்கு விஞ்ஞான வினா இருக்கவேண்டும் என்பது சரி. அந்த நான்கும் கடைசியில் வந்தால் என்ன ஆகும்? கடிகாரம் வைத்து ஆடும் ஆட்டங்களில் எல்லா வினாக்களையும் வாசித்து முடிக்க நேரம் இருப்பதில்லை. பதினாறாம் வினாவோடு மணி ஒலித்துவிட்டால், விஞ்ஞானம் மேடை ஏறாமலே வீடு திரும்பவேண்டியதுதான். நேரக்கட்டுப்பாடு இல்லாத ஆட்டத்திலும், முதல் பத்து வினாக்களில் ஒரே துறை குவிந்துவிட்டால், பாதி ஆட்டத்திலேயே ஓர் அணி மனம் ஒடிந்துபோகும். அதனால் பெரிய துறைகள் ஒவ்வொன்றையும் முன்பாதிக்கு இரண்டு, பின்பாதிக்கு இரண்டு என்று பரப்புகிறார்கள். ஒரே துறை அடுத்தடுத்து வராமல் விலக்குகிறார்கள். இரசாயன முந்து வினாவின் காலடியில் இரசாயனப் போனஸையே வைக்காமல் பார்த்துக்கொள்கிறார்கள், ஏனெனில் வைத்தால் அந்தத் துறை தெரிந்த ஒருவனே பத்தும் பெற்று முப்பதும் பெறுவான், மற்ற மூவரும் வேடிக்கை பார்ப்பார்கள்.

நம்முடைய சங்கீத சபைகளுக்குப் போய்ப் பழகியவர்களுக்கு இது புதிதன்று. அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் நிலைநாட்டிய கச்சேரி பத்ததியில், வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனங்கள் சிலவற்றைப் பாடி, விஸ்தாரமான ராகத்துக்கும் தனி ஆவர்த்தனத்துக்கும் இடம் விட்டு, துக்கடாக்களோடு முடிக்கும்போது, ராகம் ராகத்தோடு மோதாமலும் தாளம் தாளத்தோடு சலிக்காமலும் ஒரு மகாவித்வான் எவ்வளவு யோசித்து வரிசைப்படுத்துகிறார்! அதே உருப்படிகளை முன்பின்னாக மாற்றிப் பாடினால் அதே கச்சேரி ஆகுமா? எண்ணிக்கை ஒன்றுதான், ஆனால் வரிசை கெட்டால் சமநிலை கெட்டது.

இப்போது, எல்லாவற்றையும்விட நுட்பமான ஓர் இடத்துக்கு உங்களை அழைத்துச் செல்கிறேன். பட்டியலில் 'விஞ்ஞானம்' என்று பெயர் போட்டுக்கொண்டு வரும் வினா, உள்ளேயும் விஞ்ஞானமாக இருக்கிறதா?

ஓர் உதாரணம் பாருங்கள். இந்தப் போட்டிகளின் முந்து வினாக்களை, கடினமான குறிப்பில் தொடங்கிப் படிப்படியாக எளிய குறிப்புக்கு இறங்குமாறு எழுதுகிறார்கள். ஆழமாகப் படித்தவன் முதல் வாக்கியத்தில் மணியடிப்பான், சிறிது படித்தவன் கடைசி வாக்கியத்தில் அடிப்பான். அந்த முறையில் நடுவர் வாசிக்கிறார்: 'இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோதே தம்முடைய பெயர்பெற்ற கணக்கீட்டைத் தொடங்கிய இவரை, 1935இல் ராயல் வானியல் கழகத்துக் கூட்டத்தில் எடிங்டன் எள்ளி நகையாடினார். லாகூரில் 1910இல் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, சிகாகோவில் வாழ்ந்த இவர், 1983இல் வில்லியம் ஃபௌலரோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். சர் சி. வி. ராமனின் சகோதரர் மகனாகிய இவர் யார்?' விடை, சுப்பிரமணியன் சந்திரசேகர். நல்ல வினா, சுவையான வினா. ஆனால் இதற்கு விடை சொல்ல நட்சத்திரத்தைப் பற்றி ஏதாவது தெரிந்திருக்கவேண்டுமா? ஒன்றும் வேண்டாம்! வாழ்க்கை வரலாறுகளை விரும்பிப் படிக்கும் சரித்திர மாணவன் இதைத் தட்டிக்கொண்டு போவான். பட்டியலில் விஞ்ஞானத்தின் கணக்கில் எழுதிய ஒரு பாகம், கைமாறிச் சரித்திரத்தின் பெட்டிக்குள் விழுந்துவிட்டது.

இதே பொருளை இப்போது வேறுவிதமாகக் கேட்கிறேன்: 'எலக்ட்ரான் ஒன்றுக்குரிய சராசரி மூலக்கூறு எடையின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் அமைவது இந்த அளவு. எலக்ட்ரான்களின் வேகம் ஒளியின் வேகத்தை நெருங்கி, அவற்றின் அழுத்தம் அடர்த்தியின் 4/3 அடுக்குக்கு ஏற்ப மட்டுமே உயரும்போது இது வெளிப்படுகிறது. 1ஏ வகைச் சூப்பர்நோவாக்களுக்கு விளக்கம் தருவதில் இதற்குப் பங்குண்டு. சூரியனின் நிறையைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்காகிய, வெண்குறு நட்சத்திரம் தாங்கக்கூடிய இந்த உச்ச நிறை எது?' விடை, சந்திரசேகர் எல்லை. முதல் வாக்கியத்தில் மணியடிப்பவன் யார்? உட்கார்ந்து அந்தச் சமன்பாட்டைப் போட்டுப் பார்த்தவன். இரண்டு வினாக்களும் ஒரே மேதையைச் சுற்றித்தான் வருகின்றன; ஆனால் ஒன்று படிப்பாளிக்குப் பரிசளிக்கிறது, மற்றொன்று ஆராய்ச்சி மாணவனுக்குப் பரிசளிக்கிறது. தலைப்பை மட்டும் எண்ணுகிறவர் இரண்டையும் ஒன்றென்றே எண்ணுவார். ஆகையால்தான் விஞ்ஞான வினா விஞ்ஞானத்தையே கேட்கவேண்டும், சங்கீத வினா சங்கீதத்தையே கேட்கவேண்டும், இசைமேதையின் விவாகத்தையும் விவாகரத்தையும் கேட்கக்கூடாது என்று அந்த ஆட்டக்காரர்கள் பல காலம் வாதாடி, பெரும்பாலும் வென்றும் இருக்கிறார்கள்.

இனி, கடினம் என்ற விஷயம். அன்பர்களே, இங்கேதான் நல்ல எண்ணம் கொண்டவர்கள்கூட இடறுகிறார்கள். இலக்கியத்துக்கு நான்கு, விஞ்ஞானத்துக்கு நான்கு என்று நீதி தவறாமல் எழுதிவிட்டார் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலக்கிய வினாக்கள் எல்லோரும் படித்த நூல்களைப் பற்றியவை. நான்குக்கும் மணி ஒலிக்கிறது, நான்குக்கும் போனஸ் கிடைக்கிறது. விஞ்ஞான வினாக்களோ ஆராய்ச்சிப் பட்டத்துக்குரியவை. மூன்று வினாக்களை நடுவர் கடைசிச் சொல் வரை வாசித்தும் அறையில் சப்தமே இல்லை. ஒருவருக்கும் புள்ளி இல்லை, ஒருவருக்கும் போனஸ் இல்லை. இப்போது சொல்லுங்கள், அந்த ஆட்டத்தில் விஞ்ஞானத்தின் பங்கு எவ்வளவு? காகிதத்தில் நான்கு; களத்தில் ஒன்று! விடை வராத வினா, கேட்கப்படாத வினாவுக்குச் சமம். விஞ்ஞானம் படித்துத் தயாராகி வந்த மாணவனுக்கு அன்று கொடுத்தது நான்கில் ஒரு பங்கு நியாயம்தான்.

இதற்குப் பரிகாரம் உண்டா? உண்டு. போனஸின் மூன்று பகுதிகளில் ஒன்றை ஏறக்குறைய எல்லா அணிகளும் சொல்லும்படியும், ஒன்றைப் பாதி அணிகள் சொல்லும்படியும், ஒன்றைப் பத்தில் ஓர் அணி சொல்லும்படியும் அமைப்பது நல்ல பதிப்பாசிரியர்கள் குறிக்கோளாகக் கொள்ளும் அளவு. இந்த அளவு எல்லாத் துறைகளிலும் ஒரேவிதமாக இருக்கவேண்டும். இலக்கியத்தின் எளிய பகுதியும் இரசாயனத்தின் எளிய பகுதியும் உண்மையிலேயே சம எளிமையுடையனவா என்று பார்க்க, போட்டி முடிந்தபின் எந்த வினாவுக்கு எத்தனை அறைகளில் விடை வந்தது என்று கணக்கெடுத்து, அடுத்த ஆண்டு எழுதுகிறவர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எழுதவேண்டும். எண்ணிப் பங்கிடுவது முதல் நியாயம். பங்கிட்டது போய்ச் சேர்ந்ததா என்று எண்ணிப் பார்ப்பது இரண்டாவது நியாயம். இரண்டாவது இல்லாமல் முதலாவது வெறும் அலங்காரம்.

இவ்வளவும் கேட்டபின், 'ஐயா, சரியான பங்கீடு என்று உலகத்துக்கெல்லாம் பொதுவாக ஒன்று உண்டா?' என்று நீங்கள் கேட்கலாம். இல்லை என்பதே என் விடை. அமெரிக்க அரசின் எரிசக்தித் துறை 1991 முதல் 'நேஷனல் சயன்ஸ் பௌல்' என்ற போட்டியைப் பள்ளி மாணவர்களுக்காக நடத்திவருகிறது. அதன் தலைப்புகளைக் கேளுங்கள்: உயிரியல், இரசாயனம், பௌதிகம், கணிதம், புவி மற்றும் விண்வெளி விஞ்ஞானம், இவற்றோடு சரிசமமாக எரிசக்தி! பௌதிகத்துக்கும் இரசாயனத்துக்கும் உள்ளே அடங்கக்கூடிய எரிசக்திக்குத் தனித் தலைப்பு ஏன்? நடத்துகிறவர் எரிசக்தித் துறையினர் என்பதனால்! இதில் ஒளிவு மறைவு ஏதும் இல்லை. 'எங்கள் நோக்கம் இது, எங்கள் பங்கீடு இது' என்று வெளிப்படையாகச் சொல்லி நடத்துகிறார்கள். வருகிறவர் தெரிந்தே வருகிறார். அவ்வாறே, என்.ஏ.க்யூ.டி. அமைப்பு திரைப்படத்துக்கும் விளையாட்டுக்கும் நடப்புச் செய்திக்கும் அதிக இடம் தருகிறது, ஏ.சி.எஃப். அவற்றை ஏறக்குறைய ஒதுக்கிவிடுகிறது. இரண்டில் எது சரி? இரண்டும் சரி, ஏனெனில் இரண்டும் சொல்லிவிட்டுச் செய்கின்றன.

சொல்லிவிட்டுச் செய்வதில் மற்றொரு பெரும்பயனும் உண்டு. பட்டியல் தெரிந்த அணி, படிப்பையும் அதற்கேற்பப் பகிர்ந்துகொள்கிறது. நால்வரில் ஒருவர் இலக்கியத்தையும், ஒருவர் விஞ்ஞானத்தையும், ஒருவர் சரித்திரத்தையும், ஒருவர் கலையையும் தத்துவத்தையும் ஏற்றுக்கொண்டு உழைக்கிறார்கள். பொறியியல் படிக்கும் மாணவன், தன் அணியில் ஆள் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக ஐரோப்பியச் சித்திரங்களைப் பார்க்க உட்காருகிறான். அணிக்காகப் பார்க்கத் தொடங்கியவன், பிறகு தனக்காகவும் பார்க்கிறான். சர்வகலாசாலை அவனிடம் கேட்காத ஒன்றை, இருபதில் மூன்று என்னும் ஒரு சிறிய எண் கேட்டுவிட்டது! வினாக்களைப் பங்கிடும் பட்டியல் ஒரு தலைமுறையின் பாடத்திட்டமாகவும் ஆகிவிடுகிறது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் ஆண்டு விழா வரும். இலக்கிய மன்றம் கூடும். வினாடி வினா நடக்கும். அநேகமாக ஒரே ஆசிரியர் உட்கார்ந்து ஐம்பது வினாக்களை எழுதிவிடுகிறார். அவர் தமிழாசிரியரானால் முப்பது வினாவில் தமிழ் மணக்கும். விஞ்ஞான ஆசிரியரானால் முப்பது வினாவில் சோதனைச்சாலை மணக்கும். கிரிக்கெட் பிரியரானால் கேட்கவே வேண்டாம்! இதில் துர்எண்ணம் எதுவும் இல்லை. மனிதன் தனக்குத் தெரிந்ததிலிருந்துதான் கேட்பான். ஆகையால் உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். வினாவை எழுதுவதற்கு முன் பங்கை எழுதுங்கள். ஒருவரே எழுதாமல், துறைக்கு ஒருவராகச் சேர்ந்து எழுதுங்கள். நம் பிள்ளைகளின் உலகத்துக்கு எது முன் ஆசனம், எது பின் ஆசனம் என்பதை அயல்நாட்டுப் பட்டியலைப் பார்த்துப் படியெடுக்காமல் நீங்களே கூடிப் பேசி முடிவு செய்யுங்கள். தமிழிலக்கியத்துக்கு நான்கு வைப்பீர்களோ, கணிதத்துக்கு மூன்று வைப்பீர்களோ, மீனவரின் கடலறிவுக்கும் உழவரின் மண்ணறிவுக்கும் ஓர் இடம் வைப்பீர்களோ, அது உங்கள் உரிமை. முடிவு செய்ததைப் போட்டிக்கு ஒரு மாதம் முன்பே அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிடுங்கள். ஆட்டம் முடிந்தபின், எந்த வினாவுக்கு விடையே வரவில்லை என்று எண்ணிப் பார்த்து அதையும் ஒட்டுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. பலகையில் அந்தக் காகிதம் இல்லாவிட்டால், 'பங்கு என்ன ஐயா?' என்று மரியாதையோடு போய்க் கேளுங்கள். அது அடக்கமின்மை ஆகாது. ஆடப்போகிற ஆட்டத்தின் விதியை அறிந்துகொள்ளும் உரிமை ஆடுகிறவனுக்கு உண்டு. இருந்தால், அதை வாசியுங்கள். உங்கள் துறைக்குப் பங்கு குறைவென்று தோன்றினால் காரணத்தோடு வாதாடுங்கள். வாதாடி முடித்தபின், உங்களுக்குத் தெரியாத துறை எதுவோ அதன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.